விளிம்புவரை நிரப்பவும்

ஓரின் பெட்டன்கோர்ட் மழைப் புட்டியைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தபோது நான் அவருடைய சமையலறையில் உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் கீரை சூப் குடித்துக்கொண்டிருந்தேன். புட்டியில் பாதிக்குக் கீழேதான் தண்ணீர் இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். 'ச்சு' என்று உச்சுக் கொட்டினார். பிறகு கழுவுதொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்து, புட்டி தளும்பும்வரை பிடித்து, மூடியை இறுக்கித் திருகினார். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, துணியால் துடைத்து, ஒட்டுத்தாளில் பன்னிரண்டு முப்பது என்று மணி எழுதினார்.

நான் சூப்பை விழுங்கினேன். கண்ணால் பார்த்ததை மூளை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இது வேறு ஏதோ பழைய புட்டி, கழுவுகிறார், கிழவருக்குத் துப்புரவு ஜாஸ்தி என்று அதுபாட்டுக்கு ஒரு கதையைச் சோடித்தது. அவர் ஒட்டுத்தாளை ஒட்டி, காலையிலிருந்து எடுத்து வைத்திருந்த மற்றப் புட்டிகளின் வரிசையில், பெட்டியில் அதற்கென்று இருந்த குழியில் அதை நிறுத்தினார். அப்போதுதான் கரண்டி என் கையிலிருந்து கிண்ணத்துக்குள் விழுந்தது.

"சூப் காரமா இருக்கா?" என்றார் ஓரின். "லிங்கிசா சாசேஜ் கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன். இர்மா இருந்தா அளவாப் போட்டிருப்பா."

பதினோரு வருடமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறேன். மலைகளுக்கு அந்தப் பக்கம், காரில் இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளர். விஞ்ஞானி அல்ல. புட்டி கழுவுவது, கருவிக்குள் மழைத்தண்ணீரை ஊசியால் செலுத்துவது, எண்களைப் பட்டியலிடுவது, ஒவ்வொரு புயலும் ஓய்ந்தபின் கடலோர மலைகளில் வீடு வீடாகப் போய்ப் புட்டிகளைச் சேகரிப்பது என் வேலை. மழை பிடித்துத் தருகிறவர்கள் எல்லோரும் கூலி வாங்காத மனிதர்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி, ஆடு வளர்க்கும் தம்பதி, முன்னாள் தீயணைப்பு வீரர் ஒருவர், பிறகு இந்த முகட்டில் ஓரினும் அவர் மனைவி இர்மாவும். குளிர்காலத்தில் ஹவாய்ப் பக்கமிருந்து கடலுக்கு மேலே நீராவி ஒரு நீண்ட பட்டையாகக் கிளம்பி வந்து எங்கள் மலையில் மோதும். பேப்பர்காரர்கள் அதை வானத்து ஆறு என்று எழுதுகிறார்கள். அது வந்தால் எங்களுக்கு அணையும் நிரம்பும், சாலையும் சரியும். வராவிட்டால் கோடையில் காடு எரியும். எங்களுக்கு வேறு மழை கிடையாது.

அந்த மழை மேகத்தில் எந்த உயரத்திலிருந்து வருகிறது, கடலில் எங்கே ஏறிய தண்ணீர் என்பதைத் தண்ணீரே சொல்லும். எல்லாத் தண்ணீரும் ஒரே எடை இல்லை. ஆயிரக்கணக்கான துகளில் ஒன்று சற்றுக் கனமாக இருக்கும். கனமானது முதலில் விழுந்துவிடும். மேகம் உயர உயர, குளிரக் குளிர, மிச்சம் விழுகிற மழை லேசாகிக்கொண்டே போகும். அரைமணிக்கு ஒரு புட்டி பிடித்து எடையைப் பார்த்தால், மேலே மேகத்துக்குள் என்ன நடந்தது என்று கீழே இருந்தபடியே படிக்கலாம். முதல் வருடம் இதே மேசையில் உட்கார்ந்து இர்மாவுக்கு இதை நான் திக்கித் திணறி விளக்கினேன். அவள் கையில் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "எங்க ஊர் ஹால் விருந்து மாதிரின்னு சொல்லு. கனமான ஆளுங்க முதல்ல தொப்புனு உக்காந்துருவாங்க. ஒல்லிங்க கடைசிவரைக்கும் தட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டே இருப்பாங்க" என்றாள். எங்கள் பேராசிரியர் கிரெட்சன் வீலாக் இப்போதும் எல்லாக் கூட்டத்திலும் இதைத்தான் சொல்கிறாள்.

பதினோரு குளிர்காலத்தில் நாற்பத்து மூன்று புயல். ஒவ்வொரு புயலுக்கும் ஒரு நாள், இரண்டு நாள். அரைமணிக்கொரு முறை இர்மா கூடத்துச் சாய்வு நாற்காலியில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணயர்ந்து எழுந்து, மழைக்கோட்டை மாட்டி, புறக்கடைக் கம்பத்துப் புனலுக்கு அடியிலிருந்து புட்டியை மாற்றிவிட்டு வருவாள். மூவாயிரத்து நூற்றுச் சொச்சம் புட்டிகள். ஒன்றுகூடக் குறைவாக வந்ததில்லை. மற்றவர்கள் அனுப்புவதில் பாதிப் புட்டி, கால் புட்டி என்று கிடக்கும். புட்டியில் காற்றிடம் இருந்தால் தண்ணீர் உள்ளேயே ஆவியாகி எடை மாறிவிடும், அவற்றை ஒதுக்கித் தள்ளவேண்டியிருக்கும். இர்மாவின் புட்டிகள் மட்டும் கழுத்துவரை தளும்பி நிற்கும். வருடாவருடம் நாங்கள் பீட்சா வாங்கிக் கொடுத்து நடத்தும் கூட்டத்தில், இர்மாவின் பெட்டியைத் திறந்து காட்டி, "இப்படி அனுப்புங்க" என்பாள் கிரெட்சன். இர்மா வெட்கப்பட்டுக்கொண்டு ஓரினின் தோளுக்குப் பின்னால் போய் நிற்பாள்.

அந்த முகட்டில் மழை அதிகம், அதனால்தான் நிரம்புகிறது என்று நினைத்தோம். மழைமானியும் அங்கேயே இருந்தது. அதன் எண்ணை ஒரே ஒருநாள் புட்டிகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். அரைமணியில் நான்கு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்தப் புட்டி நிறைய வழியே இல்லை. அந்தக் கணக்கை ஆறாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். நான் போடவில்லை. யாருமே போடவில்லை.

எப்போதும் புயல் ஓய்ந்து சாலையைத் துப்புரவு செய்தபிறகே வருவேன். பெட்டி தயாராக வாசலில் இருக்கும். இந்தமுறை இரண்டு அலையாக வரும், நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கும் என்று முன்னறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். இடைவெளியில் புகுந்து எடுத்துவிடலாம் என்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். நான் முகட்டுக்கு ஏறிய பத்தாவது நிமிடம் எனக்குப் பின்னால் ஓர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. மாலைக்குள் அறுத்துத் தள்ளிவிடுவார்களாம். கரண்டும் போய்விட்டது. அப்படித்தான் மழை பெய்துகொண்டிருக்கும்போது இந்தச் சமையலறையில் முதல்முறையாக உட்கார நேர்ந்தது.

"ஓரின்," என்றேன். குரல் எனக்கே அடுத்த வீட்டுக் குரல் மாதிரிக் கேட்டது. "இப்ப அந்தப் புட்டியில என்ன ஊத்தினீங்க?"

"தண்ணிதான். குறைச்சலா இருந்துச்சே."

"எப்பவுமே இப்படித்தானா?"

"பின்ன? பாதிப் புட்டி அனுப்பினா உங்க யுனிவர்சிட்டிக்காரங்க மூஞ்சியைத் தூக்கிக்குவீங்களே." சிரித்துக்கொண்டே குளிர்பெட்டியின் கதவைக் காட்டினார். "உன் தாளுதானேம்மா அது."

குளிர்பெட்டிக் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள், நான்கு மூலையிலும் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. பதினோரு வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்து. ஐந்து வரி. மூன்றாவது வரி: புட்டியை விளிம்புவரை நிரப்பவும். காற்று துளியும் இருக்கக் கூடாது. அதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அந்தக் கோடுகளைப் போட்டதும் நான்தான். மழை குறைந்தால் சின்னப் புட்டிக்கு மாற்றவும் என்று அடுத்து ஒரு வரி இருந்திருக்க வேண்டும். சின்னப் புட்டிகளை முதல் வருடமே ஒரு கட்டு கொடுத்துவிட்டு வந்தேன். அவை எதற்கு என்று எழுத மறந்திருக்கிறேன். எனக்கு அது எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றியிருக்காது. ஆய்வுக்கூடத்தில் அன்றாடம் செய்கிற காரியம், எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு.

கழுவுதொட்டிக்கு மேலே ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன். சின்னப் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பூச்செடி விதை. ஒவ்வொன்றிலும் இர்மாவின் சாய்ந்த எழுத்தில் பூவின் நிறமும் வருடமும். இத்தனை வருடம் அவற்றைப் பார்த்து, அழகாக வைத்திருக்கிறாள் என்று நான் பாராட்டியும் இருக்கிறேன்.

 இர்மாவின் மழைப் புட்டிகளை வைத்து நாங்கள் ஒரு புதிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற எல்லா இடத்திலும் புயலின் நடுவில், மழை சற்றுத் தணிகிற நேரத்தில், வரைபடத்தில் எடைக்கோடு சட்டென்று கிணற்றில் விழுந்தாற்போல இறங்கிவிட்டு மறுபடி ஏறும். உயரத்துக் குளிர்மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இர்மாவின் முகட்டில் மட்டும் கோடு லேசாகத்தான் சரியும். அதனால் இந்த மலைவரிசையில் மழை கடலோரத் தாழ்ந்த மேகத்திலிருந்தே பெரும்பாலும் வருகிறது, இதுவரை போட்ட கணக்கு தவறு என்று கிரெட்சன் எழுதினாள். அந்தக் கட்டுரையைப் பெரிய பெரிய ஆட்கள் மேற்கோள் காட்டினார்கள். மழை முன்கணிப்புச் சூத்திரத்தையே அதற்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த ஐந்து வருட ஆய்வுக்கான விண்ணப்பம் முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கான நேர்காணல். கோடு இறங்கவேண்டிய இடத்தில் எல்லாம் குழாய்த்தண்ணீர் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

ஆனால் மனசு சும்மா விடாது. ஒரு நூல் கிடைத்தாலும் பிடித்துத் தொங்கும். மழைமானிக் கணக்கு இருக்கிறது. அரைமணிக்கு எவ்வளவு பெய்தது என்று தெரியும், புனலின் வாய் தெரியும். ஆக எந்தப் புட்டியில் எவ்வளவு மழை, எவ்வளவு குழாய் என்று கண்டுபிடித்துவிடலாம். குழாய்த்தண்ணீரின் எடை மட்டும் தெரிந்தால் அதைக் கழித்துவிட்டு மழையை மீட்டுவிடலாம். மூவாயிரம் புட்டிக்கும் உட்கார்ந்து நானே கழிப்பேன். ஒரு வருடம் ஆகட்டும், இரண்டு வருடம் ஆகட்டும்.

"இந்தக் குழாய்த் தண்ணி எங்கேருந்து வருது?" என்றேன்.

"மேட்டு ஊத்துலேருந்து. தொட்டியில சேந்து இறங்குது. கரண்டு போனாலும் வரும் பாரு."

ஊற்று. ஒரே ஊற்று. எனக்கு மூச்சு வந்தது. "பதினோரு வருஷமும் அதேதான்?"

"அதேதான். வறண்ட வருஷம் தவிர." அவர் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினார். "ஊத்து நின்னுபோச்சுன்னா லாரியில கொண்டாந்து தொட்டியில விடுவாங்க. அது எங்கேருந்து கொண்டாராங்களோ, சில நாள் குளோரின் நாத்தம் அடிக்கும். மழை பிடிச்ச அப்புறம் ஊத்துத் தண்ணியும் அதுவும் கலந்து கொஞ்ச நாள் வரும்."

"எந்தெந்த வருஷம்?"

"இர்மாவுக்குத்தான் தெரியும்."

நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். நான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, இன்னும் ஆதரவாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஓரினுக்கு எழுபத்தெட்டு வயது. மரம் வெட்டும் கம்பெனியில் லாரி ஓட்டியவர். கைவிரல்கள் தடித்து, புட்டியின் மூடிகளைத் திருகுவதற்கே தோதில்லாதவை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இர்மா கணையத்தில் புற்றுநோய் வந்து போனாள். படுத்த குளிர்காலத்திலும் கட்டிலிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்து, "ஓரின், மணி ஆச்சு" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று அடக்கத்தின்போது அவர்தான் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு அரைமணி தவறாமல் அவர் செய்கிறார்.

"ஆனா அவ எல்லாத்தையும் குழாயிலயே பிடிக்க மாட்டா," என்றார். "நீ மழைத்தண்ணி கேக்குற, குழாய்த் தண்ணி குடுத்தா அது ஏமாத்தற மாதிரி இல்லையான்னு சொல்லுவா. அதனால மழை வலுத்துப் பெய்யுறப்போ புட்டிக்கு மிஞ்சி வழியுது பாரு, அதை ஒரு ஜாடியில சேத்து வெப்பா. குறையுறப்போ அதுலேருந்து ஊத்துவா. ஜாடி காலியானாத்தான் குழாய். சில நேரம் போன புயலோடதுகூட அதுல மிச்சம் இருக்கும். எனக்குத்தான் அவ்வளவு பொறுமை இல்ல, நேரா குழாய்தான்." சற்று வெட்கமாகச் சிரித்தார். "அதைக் கண்டுபிடிச்சுட்டியா? மெஷின்ல தெரியுதா? அவ பிடிச்ச தண்ணி வேற, நான் பிடிக்கற தண்ணி வேறன்னு?"

"இல்ல ஓரின். அப்படியெல்லாம் தெரியாது."

"அதானே பாத்தேன்," என்று நிம்மதியாக எழுந்தார்.

நூல் அறுந்துவிட்டது. ஜாடியா, குழாயா, ஊற்றா, லாரியா, இந்தப் புயலா, போன புயலா. எதையும் எதிலிருந்தும் கழிக்க முடியாது. அவள் சோம்பேறியாக இருந்திருந்தால், ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால், எல்லாவற்றையும் குழாயிலேயே பிடித்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். அவளுடைய நேர்மை பாக்கி இருந்ததையும் அழித்துவிட்டது. அவள்மேல் கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை. என்மேல் வந்ததும் கோபமாக இல்லை, ஓர் அசிங்கமாக இருந்தது.

ஒரு மணிப் புட்டியை எடுக்க அவர் வெளியே போனார். புனலில் ஃபிர் மரத்து ஊசியிலை அடைத்துக்கொண்டிருக்கிறது, துடைத்துவிட்டு வருகிறேன் என்றார். செல்போன் இந்த முகட்டில் எடுக்காது. கூடத்துச் சுவரில் இருந்த பழைய தொலைபேசியில் கிரெட்சனை அழைத்தேன்.

"கிரெட்சன், இர்மா புட்டியெல்லாம் போச்சு."

"ஐயோ. மரம் விழுந்துச்சா? உடைஞ்சிடுச்சா?"

"இல்ல. எல்லாம் நெறஞ்சிருக்கு."

சொன்னேன். தாள், குழாய், ஜாடி, லாரி. அவள் நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடித்தபிறகு, நான் கழிக்கலாம் என்று நினைத்த அதே வழியை அவளும் மனசுக்குள் நடந்து பார்க்கிறாள் என்பது அந்த மௌனத்தின் நீளத்திலேயே தெரிந்தது. போன வழியே அவளும் திரும்பிவந்தாள்.

"ஜாடி வேற வெச்சிருந்தாங்களா," என்றாள் கடைசியில்.

"தாளை எழுதினது நான்தான்."

"படிச்சுப் பாத்துட்டு சரின்னு சொன்னது நான். மழைமானியை ஒட்டிப் பாக்காதது நான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வெள்ளிக்கிழமை போய் என்ன சொல்றது? நாம கண்டுபிடிச்சது ஒரு வீட்டுக் குழாயைன்னா?"

"கட்டுரை?"

"திரும்ப வாங்கணும். வேற வழியே இல்ல." காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "வாங்கினா காரணம் போடணும் நாடீன். மாதிரி சேகரிச்சதுல பிழைன்னு. அந்தப் பக்கத்துல நன்றி சொல்ற எடத்துல அவங்க பேரு மட்டும்தான் இருக்கு. படிக்கறவங்க யாரோட பிழைன்னு நெனப்பாங்க?"

"தாளோட பிழைன்னு எழுது. என் பேரைப் போட்டு எழுது."

"எழுதறேன். அதையெல்லாம் யாரு படிப்பா? திரும்ப வாங்கிட்டாங்கன்றது மட்டும்தான் நிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள்.

தொலைபேசிக்கு நேர் மேலேதான் அது மாட்டியிருந்தது. இர்மா போனபிறகு நாங்கள் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்த படம். லேசாகச் சரிந்து ஏறும் நீலக்கோடு. கீழே கட்டுரையிலிருந்து எடுத்த வரி: இர்மா பெட்டன்கோர்ட்டுக்கு, ஓர் அரைமணியையும் தவறவிடாதவருக்கு. கண்ணாடியில் தூசியே இல்லை. பக்கத்தில் கல்யாணப் படத்தில்கூடக் கொஞ்சம் தூசி இருந்தது.

"இல்ல," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மார்ச்சில் ஓரின் இந்த வீட்டை விட்டுப் போகிறார். காட்டுத்தீ பயத்தில் காப்பீட்டுக்காரர்கள் இந்த முகட்டையே கைகழுவிவிட்டார்கள், வாங்குவதற்கும் ஆளில்லை. மலைக்கு அப்பால், பாலைவனத்து ஊரில் இருக்கும் மகள் கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே வருடத்துக்கு ஏழெட்டு அங்குலம் மழை பெய்தால் பெரிய விஷயம். இது அவருடைய கடைசிப் புயல். போகும்போது என்ன எடுத்துக்கொள்வார் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு பெட்டித் துணி, இர்மாவின் நாற்காலி, இந்தப் படம்.

மதியத்துக்கு மேல் மழை தணிந்துகொண்டே வந்தது. ஒன்றரை, இரண்டு என்று ஓரின் புட்டி எடுத்தார், குழாயில் நிரப்பினார், எழுதினார். நான் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? இந்த ஒரு புயலையாவது சரியாகப் பிடியுங்கள் என்றால், அப்படியானால் மற்ற நாற்பத்து மூன்று என்று அடுத்த கேள்வி வரும். சொல்லாமல் இருப்பதும் எனக்கு முடியாது போலிருந்தது. கிரெட்சன் கட்டுரையைத் திரும்ப வாங்கிய பிறகு யாராவது ஒரு பேத்தி, ஒரு பக்கத்து வீட்டுக்காரன், கணினியில் இர்மாவின் பெயரைத் தட்டிப் பார்த்து இவரிடம் சொல்லலாம். அப்போது, அன்றைக்கு என் சூப்பைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே என்று இவர் நினைப்பார். என்னிடமிருந்து கேட்பதுதான் மரியாதை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை விறகைப் பற்றிக் கேட்டேன், இன்னொரு தடவை பேத்தியைப் பற்றி.

கீழே பள்ளத்தாக்கில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. வழி திறந்துகொண்டிருந்தது. இரண்டரைக்குக் கடிகாரம் அடித்தபோது ஓரின் நாற்காலியின் கையைப் பிடித்து எழப்பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"நீ எடுத்துட்டு வரியாம்மா?" என்றார். "பதினோரு வருஷமா வந்து தூக்கிட்டுப் போறே. ஒரு தடவையாவது எடுத்திருக்கியா?"

எடுத்ததில்லை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு புறக்கடைக்குப் போனேன். கொக்கியில் தொங்கிய அந்தக் கோட்டு இர்மாவுடையது, கை எனக்குக் கட்டையாக இருந்தது. கம்பத்துக்குப் போகும் புல்தரையில் ஒரு தடம் தேய்ந்து மண்ணாகி, வழுக்காமலிருக்கத் தட்டைக் கற்கள் பதித்திருந்தார்கள். மூவாயிரம் தடவை போய், மூவாயிரம் தடவை திரும்பிய தடம். மழை நின்றுவிட்ட மாதிரிதான். மரங்களிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. புனலுக்கு அடியிலிருந்து புட்டியைக் கழற்றினேன். ஒரு விரற்கடைத் தண்ணீர். எடைக்கோட்டின் அடி ஆழம் இதற்குள்தான் இருக்கும். இந்த முகட்டில் இதுவரை யாரும் அளக்காத எண். மூடியைப் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் முடிந்தது. அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை. வேறொரு புட்டியைக் காலியாக மாட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

ஓரின் எழுந்து கழுவுதொட்டிப் பக்கம் வந்து நின்றிருந்தார்.

"ஓரின், குளிர்பெட்டியில ஒட்டியிருக்கே, அந்தத் தாளு..." என்று ஆரம்பித்தேன்.

"அதுக்கென்ன?" என் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகக் கேட்பவர்போலத்தான் கேட்டார், ஆனால் கை மட்டும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "என்ன, அவ ஏதாவது தப்பா பண்ணிட்டாளா?"

மதியத்திலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பதிலும் தயாராக இருந்தது. அவள் பண்ணவில்லை, நான் பண்ணினேன். அந்தப் பதிலுக்குள் அவளுடைய மூவாயிரம் அரைமணியும் எங்கே போகும் என்று அவர் கேட்டால் அதற்குத்தான் என்னிடம் ஒன்றுமில்லை.

"இல்ல," என்றேன். "ஒரு தப்பும் பண்ணல."

"தெரியும்," என்றார். குழாயை அவரே திறந்துவிட்டார். "நிரப்பு."

நான் நிரப்பினேன். ஒரு விரற்கடை மழையின் மேல் தொட்டித் தண்ணீர் ஏறி, கழுத்தைத் தொட்டு, விளிம்புக்கு மேலே ஒரு மயிரிழை உப்பி நின்றது. கொஞ்சம் சிந்தியது. பார்த்துக்கொண்டே இருந்தவர், "இன்னும் ஒரு சொட்டு" என்றார். ஒரு சொட்டு விட்டேன். மூடியை வைத்துத் திருகியபோது மிஞ்சியது விரலிடுக்கில் வழிந்தது.

ஓரின் அதை என்னிடமிருந்து வாங்கி, தலைகீழாகக் கவிழ்த்து, ஜன்னலில் விதைப் புட்டிகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார். தடித்த நகத்தால் கண்ணாடியை மெல்ல இரண்டு தட்டுத் தட்டி, எங்காவது ஒளிந்திருந்து ஒன்று மேலே ஏறுகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"பாரு," என்றார். "ஒரு குமிழிகூட இல்ல."